சும்மா உட்காருவதற்கு அரை மணி நேரம் பைக் ஓட்டுகிறேன்

ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், இருபது ஞாயிறுக்கு மேல் ஆகிவிட்டது, இனி எழுதலாம். முதல் தடவை போய்விட்டு வந்த கையோடு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. முதல் நாள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், என் விஷயத்தில் கால் மரத்துப் போனதைத் தவிர.

காரைக்குடியிலிருந்து பைக்கில் அரை மணி நேரம் போனால் ஒரு ஊர். அங்கே ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியிருக்கிற உள்கட்டில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஸென் என்கிற பௌத்தத் தியான முறையில் கூட்டாக உட்காருகிறார்கள். ஜப்பானியில் ஸாஸென் என்று பேர். 'ஸா' என்றால் உட்காருவது. 'ஸென்' நம்முடைய தியானம்தான், பாலியில் ஜானம் ஆகி, சீனாவுக்குப் போய் சான் ஆகி, அங்கிருந்து ஜப்பான் போய் ஸென் ஆகி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வேறு பேரில் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஊர்ப்பேரையும் வீட்டுப்பேரையும் இங்கே போடவில்லை, வீட்டுக்கார அண்ணன் வேண்டாம் என்றார். "பன்னெண்டு திண்டுதான் இருக்கு, பதிமூணாவது ஆள் வந்தா நான் எந்திரிக்கணும்" என்பது அவர் சொன்ன காரணம். நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும், இந்தப் பக்கம் எந்த ரகசியம் நின்றிருக்கிறது.

நான் யார் என்று கேட்டால், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், வயது நாற்பத்தெட்டு, சர்க்கரை இன்னும் வரவில்லை, கோபம் வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், மனைவி தியானம் செய்யச் சொன்னாள். வீட்டிலேயே மொபைலில் ஒரு ஆப் போட்டு மூன்று மாதம் முயற்சி செய்தேன். ஏழாவது நிமிடம் எழுந்து மோட்டார் போட்டோமா என்று பார்க்கப் போய்விடுவேன். தினமும் ஏழாவது நிமிடம், கடிகாரம் வைத்த மாதிரி.

அதற்குப் பிறகு ஒருமுறை காசு கொடுத்தும் முயற்சி செய்தேன். பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றிய ஒரு இடத்தில், பேர் வேண்டாம், 'மௌன அனுபவம்' என்று அரை நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள். மௌனம் என்று பேர்தானே தவிர புல்லாங்குழல் கேசட், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டும் சத்தம், நடுவில் ஒருவர் மைக்கில் "இப்போது ஒரு நீல ஒளி உங்கள் நெற்றிக்குள் இறங்குகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எந்த ஒளியும் இறங்கவில்லை, மூவாயிரத்து ஐந்நூறு இறங்கியது. மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கட்டணம் கிடையாது. முகப்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது, மனம் இருந்தால் போடலாம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் நூறு ரூபாய் போடுகிறேன்.

அண்ணன் குரு கிடையாது. இதை அவரே முதல் நாள் சொல்லிவிடுகிறார். கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் 1996இல் தொடங்கிய போதி ஸெண்டோ என்ற ஸென் தியான மையத்தில் பல வருடம் போய் உட்கார்ந்தவர், அவ்வளவுதான் அவருடைய தகுதி. அந்த இடத்தை ஏற்படுத்தியவர் அமா சாமி, ஏசு சபைப் பாதிரியார், ஜப்பானில் காமகுராவில் யமதா கோஉன் என்ற ஆசானிடம் பயின்று, 1982இல் ஸென் கற்பிக்க அனுமதி பெற்றவர். அவர் பர்மாவில் பிறந்த தமிழர். எங்கள் வீடுகளின் தூணெல்லாம் பர்மாத் தேக்கு என்று பீற்றிக்கொள்வோம், ஸென்னும் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கிறது. ஆசானோடு தனியாக உட்கார்ந்து கேள்வி கேட்கிற முறை ஒன்று ஸென்னில் முக்கியம், அது வேண்டும் என்றால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே கிடைப்பது உட்காருவதற்கு இடம், மணி அடிக்க ஒரு ஆள், கூட உட்கார பத்துப் பன்னிரண்டு பேர். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

நடப்பது எல்லாம் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு மணிக்கு மூன்று தடவை மணி. இருபத்தைந்து நிமிடம் சுவரைப் பார்த்து உட்காருவது. இரண்டு தடவை மணி அடித்தால் எழுந்து வளவுப் பத்தியைச் சுற்றி மெதுவாக நடப்பது, அதற்குக் கின்ஹின் என்று பேர், ஏழெட்டு நிமிடம். மறுபடி உட்காருவது, நடப்பது, உட்காருவது. மொத்தம் மூன்று அமர்வு, ஏழரைக்கு முடிந்துவிடும். கடைசியில் நான்கு உறுதிமொழிகளைத் தமிழில் சொல்வார்கள். எண்ணற்ற உயிர்களை எல்லாம் கரையேற்றுவேன் என்று அதில் முதல் உறுதிமொழி, கடையில் வேலை பார்க்கிற ஒரு பையனையே கரையேற்ற முடியாத எனக்கு அதைச் சொல்லும்போது சிரிப்பு வரும். இதய சூத்திரம் என்ற பௌத்தப் பாடத்தை ஜப்பானிய உச்சரிப்பிலேயே சொல்கிறார்கள், தாளம் நன்றாக இருக்கிறது, ஒரு எழுத்து புரியவில்லை. சீனத்திலிருந்து ஜப்பானிய நாக்கில் ஏறி வந்ததை நாங்கள் சிவகங்கை நாக்கில் சொல்கிறோம், இதைத் தமிழிலேயே சொல்லலாமே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன், பார்க்கலாம் என்றார் அண்ணன், ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி திண்டைப் பற்றி, ஏனென்றால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஜப்பானில் ஸஃபு என்கிற வட்டத் திண்டுக்குள் வழக்கமாக அடைப்பது இலவம்பஞ்சு. நம் ஊரில் இலவம்பஞ்சுக்கா பஞ்சம்? அண்ணன் காரைக்குடியில் மெத்தை தைக்கிற ஒருவரிடம் போட்டோவைக் காட்டித் தைக்கச் சொல்லியிருக்கிறார், அவர் இது தலைகாணியா, தூளியில் வைக்கிறதா என்று கேட்டுவிட்டு நன்றாகவே தைத்துக் கொடுத்திருக்கிறார், காடாத் துணி, ஓரத்தில் கொசுவம் வைத்து மடிப்பு. கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் ஒரு சாண் உயரம் பாதியாக அமுங்கும். இதன் வேலை குஷன் வேலை இல்லை, இடுப்பை முழங்காலைவிட உயர்த்துவது. திண்டின் முன் பாதியில் மட்டும் உட்கார்ந்தால் இடுப்பு முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்காலும் தரையைத் தொடும், பிட்டமும் முழங்காலுமாக மூன்று கால் முக்காலி மாதிரி ஆகிவிடும், முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். நான் முதல் மூன்று வாரம் திண்டின் நடுவில் சோபாவில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் பக்கத்தில் உட்காருகிற, பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, நடக்கிற இடைவேளையில் ஒன்றும் பேசாமல் என் திண்டைக் காலால் நாலு விரற்கடை பின்னால் தள்ளிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

இது பெரிய குறை, அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம்தான் சொல்லித் தருகிறார்கள், அதுவும் அரைக்குரலில். சப்பணம் வராதவர்களுக்கு முழங்காலிட்டு உட்கார ஒரு குட்டி பெஞ்ச் இருக்கிறது, நாற்காலியும் போடுவார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் அதெல்லாம் உண்டு என்றே தெரியும். என் முதல் நாள் கதை: மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்களே என்று நானும் எழுந்தேன், இடது கால் இருப்பதே தெரியவில்லை, தேக்குத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. கால் மரத்தால் உணர்வு திரும்பும் வரை உட்கார்ந்தே இருங்கள், தடவிவிட்டு மெதுவாக எழுந்திருங்கள், நடக்கிற வரிசை உங்களுக்காகக் காத்திருக்காவிட்டாலும் பரவாயில்லை. மரத்துப் போவது வேறு, முழங்காலுக்குள் ஊசி மாதிரி குத்துவது வேறு. இரண்டாவது வந்தால் வீரம் காட்டாமல் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, உட்கார்ந்து என்ன செய்வது? மூச்சை எண்ணுவது, ஒன்றிலிருந்து பத்து வரை, பத்து ஆனதும் மறுபடி ஒன்று. இவ்வளவுதானா என்று நானும் நினைத்தேன். கல்லாவில் கண்ணை மூடிக்கொண்டு பணம் எண்ணுகிற எனக்கு, மூச்சை நாலுக்கு மேல் எண்ண ஒரு மாதம் ஆனது. நாலில் ஒரு பழைய பாக்கி ஞாபகம் வரும், அப்புறம் எண் போய்விடும், திரும்பிப் பார்த்தால் பதினேழு, இருபத்திரண்டு என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பழகியவர்கள் எண்ணுவதையும் விட்டுவிட்டு வெறுமனே உட்காருகிறார்கள், ஷிகன்தாஸா என்று அதற்குப் பேர். நமக்கு அது புதிய பேச்சே இல்லை, 'சும்மா இரு' என்று எத்தனை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் எப்படிச் சும்மா இருப்பது என்று கேட்டால் யாரும் காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று சொன்னதில்லை. எனக்கு ஸென் பிடித்துப்போனதற்கு அந்தக் கை கால் கணக்கு ஒரு முக்கியக் காரணம். தோகென் என்ற துறவி 1227இல் சீனாவிலிருந்து ஜப்பான் திரும்பியதும் எழுதிய குறிப்பில் இருப்பதெல்லாம் இப்படித்தான்: இடது உள்ளங்கையை வலது உள்ளங்கை மேல் வை, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொடட்டும், காது தோளுக்கு நேராக, மூக்கு தொப்புளுக்கு நேராக, நாக்கு மேலண்ணத்தில், கண் திறந்தே இருக்கட்டும். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஆள் ஒரு வயரிங் வரைபடம் போல எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் புரிகிற பாஷை.

கட்டைவிரல் நல்ல மீட்டர். தூக்கம் வந்தால் இரண்டும் சரிந்து விழும், டென்ஷன் ஏறினால் ஒன்றையொன்று அழுத்திக் கூரை மாதிரி தூக்கிக்கொள்ளும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான் மடங்களில் தோளில் தட்டுவதற்கு ஒரு தட்டையான கோல் உண்டு, க்யோசாகு என்பார்கள், கை கூப்பிக் கேட்டால் தோள் சதையில் பட்டென்று ஒரு அடி. எங்கள் இடத்தில் அது இல்லை. இருந்தால் நான் வாராவாரம் கேட்டு வாங்கியிருப்பேன்.

கண்ணைத் திறந்து வைத்திருப்பதில் செட்டிநாட்டு வீட்டுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, இதை வேறு எந்த ஊர்க்காரரும் சொல்ல முடியாது. வெற்றுச் சுவரைப் பார்த்து உட்காருவது ஏன்? பார்க்க ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான். எங்கள் சுவரோ சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்து இழைத்துப் பளிங்கு மாதிரி ஆக்கியது. ஆறேகாலுக்கு முற்றத்து வெளிச்சம் உள்ளே வந்ததும் சுவருக்குள் மங்கலாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், தொப்பையோடு. அவனைப் பார்க்கக் கூடாது என்று பார்வையைத் தாழ்த்தினால் கீழே ஆத்தங்குடிக் கல், ஒவ்வொரு கல்லிலும் எட்டிதழ்ப் பூ, மஞ்சளும் பச்சையும் காவியும். மூச்சை எண்ணச் சொன்னால் மனது இதழை எண்ணுகிறது. என் இடத்துக்கு நேரே இருக்கும் கல்லில் ஒரு இதழின் நுனியில் பச்சை, பக்கத்துக் கட்டத்துக்குள் நூலளவு கசிந்திருக்கிறது, கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கையால் சாயம் ஊற்றியபோது யாரோ ஒருவருக்குக் கை ஆடியிருக்கிறது. ஏழு மாதத்தில் என் மகள் முகத்தைவிட அந்தக் கசிவை அதிக நேரம் பார்த்திருக்கிறேன். தேவகோட்டையிலிருந்து வருகிற ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் சாம்பல் நிறப் போர்வை ஒன்றை முன்னால் விரித்துவிட்டு உட்காருகிறார், புத்திசாலி.

ஸென்னைச் சீனாவுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுகிற போதிதருமர் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்று கதை. அவர் காஞ்சிபுரத்து இளவரசர், ஆகவே ஸென் நம்முடையது என்று மார்தட்ட இங்கேயும் ஒருவர் வருகிறார், டீ குடிக்கும்போது தவறாமல் ஆரம்பிப்பார். சீனத்தில் கிடைக்கிற ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகக்காரர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது, காஞ்சி பின்னால் சேர்ந்துகொண்டது. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. இப்போதெல்லாம் நான் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லியை ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

எந்தக் காரணத்துக்காக இந்த இடத்தைச் சிபாரிசு செய்கிறேன் என்பதைச் சொல்ல ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆவணியில் ஒரு ஞாயிறு. மூன்றாவது அமர்வு, மணி அடிக்கிற முறை ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு. உட்கார்ந்தோம். வழக்கமாக ஒரு கட்டத்தில் முழங்கால் சொல்லிவிடும், இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று. சொன்னது. அப்புறமும் மணி அடிக்கவில்லை. என் காலுக்குத்தான் பொறுமை குறைந்துவிட்டது போல என்று நினைத்தேன். முற்றத்து வெயில் என் கல்லைத் தாண்டி அடுத்த கல்லுக்குப் போய்விட்டது, அது ஏழரைக்கு மேல்தான் போகும் என்று எனக்குத் தெரியும். மேலே கம்பி வலையில் புறா நடக்கிற சத்தம். இடது பக்கம் ஐயாவின் மூச்சு, வலது பக்கம் சிஸ்டர் ஒருமுறை எச்சில் விழுங்கியது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், யாரும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. இருமல் வந்தது, அதை அடக்கினேன். தொடை நடுங்க ஆரம்பித்தது, அது என் தொடைதானா என்று ஒரு சந்தேகம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு என்று தெரியாது, மணி அடிக்கும் என்று காத்திருப்பதே நின்றுபோனது. வலி இருந்தது, அதன்பாட்டுக்கு இருந்தது.

கடைசியில் இரண்டாம் கட்டிலிருந்து அந்த வீட்டு ஆச்சி வந்து நிலைவாசலில் நின்று, "ஏப்பா, எல்லாரும் உக்காந்தே தூங்கிட்டியளா? மணி எட்டாகப் போகுது, இட்லி ஆறிப் போச்சு" என்றார். திரும்பிப் பார்த்தால் மாணவர் வாட்ச்சை முன்னால் வைத்தபடி நேராக உட்கார்ந்திருக்கிறார். வாட்ச் ஏழு பத்தில் நின்றுபோயிருக்கிறது. அவர் தூங்கவில்லை, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், இன்னும் ஏழு பத்துதான் என்று. ஐம்பது நிமிடத்துக்கு மேல்! நான், வீட்டில் ஏழாவது நிமிடம் மோட்டார் பார்க்க எழுந்து போகிற ஆள்.

அது தியானமா, பக்கத்தில் இருப்பவர் முன்னால் தோற்கக் கூடாது என்ற வீம்பா என்று அன்றைக்கு டீ குடிக்கும்போது கேட்டேன். ஐயா சொன்னார், "எனக்கு நீங்க எந்திரிக்கலையேன்னு இருந்துச்சு." சிஸ்டரும் அதையேதான் சொன்னார், ஐயா எழுந்திருக்கவில்லையே என்று. ஆக பன்னிரண்டு பேரும் அடுத்தவர் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். இதில் ஆன்மிகம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் எந்த ஆப்பும் எந்த வெண்கலக் கிண்ணமும் இதைச் செய்து தரவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு பக்கத்து இலைக்காரர் முடிக்கும் வரை நாம் எழுந்திருக்க மாட்டோமே, அந்த மரியாதைதான் இங்கே முதுகெலும்பு. மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்த இடத்தில் நாற்பது பேர் இருந்தோம், ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை மூன்றாம் கட்டுக்கும் பின்னால், நடந்து போய்விட்டு வருவதே ஒரு கின்ஹின். கொசு உண்டு, சுருள் ஏற்ற மாட்டார்கள், வாசனை தொந்தரவாம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி ஐந்தரைக்கே அம்மன் பாட்டோடு ஆரம்பித்துவிடும், அதற்கு அண்ணனைக் குறை சொல்ல முடியாது, அந்த மாதம் நான் மூச்சை எண்ணவில்லை, எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் மின்விசிறி போடாமல் உட்கார வைக்கிறார்கள், விசிறி கிரீச்சிடுகிறது என்று காரணம். பேரிங்கை மாற்றினால் போதும், இருநூறு ரூபாய் வேலை, நானே செய்து தருகிறேன் என்று சொல்லியும் ஆகவில்லை.

ஒன்று முக்கியமாக. மனச்சோர்வுக்கோ வேறெதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வீட்டில் ஒரு சாவு நடந்து ஆறாமல் இருக்கிறவர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அண்ணனிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். சும்மா உட்கார்ந்தால் அமைதி மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஞாயிறு ஒருவர் இரண்டாவது அமர்வு முழுக்க அழுதார். யாரும் தொடவில்லை, யாரும் திரும்பவில்லை, ஆச்சி மட்டும் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, ஆனால் அந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்திருந்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று தோன்றியிருக்கலாம். ஏழு நாள் தொடர்ந்து உட்காருகிற செஷின் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நேராகப் போய் நிற்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: இட்லி, கோசமல்லி, மாதக் கடைசி ஞாயிறு வெள்ளைப் பணியாரம். இதற்காகவே வருகிற ஒருவரை எனக்குத் தெரியும், மூன்று அமர்வும் ஒழுங்காக உட்காருகிறார், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது புதியவர்களைக் கவனிக்காததற்காக, விசிறிக்காகவும் பாதி. ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடுங்கள், ஆறு மணிக்குத் தலைவாசல் கதவைச் சாத்தினால் பாதியில் திறக்க மாட்டார்கள். ஜீன்ஸ் வேண்டாம், வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் நல்லது, மொபைலை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வருகிற ஞாயிறு மணி அடிப்பது என் முறை. மாணவர் அதே வாட்ச்சைத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறார், நாளைக்குக் கடையில் பேட்டரி மாற்ற வேண்டும்.